பாட்டின் மேன்மை யாது? பால் ராப்சன் வாழ்வு தரும் விடை

இசையைக் கேட்டு இன்புறாத மனிதர் எவரும் இலர். ஆனால் எந்த இசை உயர்ந்தது, எந்த இசை தாழ்ந்தது என்று வினவினால், பலரும் பாட்டைக் கேட்டு விடை கூறுவதில்லை; பாடுகின்றவரைப் பார்த்தே விடை கூறுகின்றனர். மின்விளக்கு ஒளிரும் அரங்கத்தில் பட்டாடை உடுத்தியவர் பாடினால் அது இசை. வயற்சேற்றில் நின்று நாற்று நடுபவர் பாடினால் அது வெறுஞ்சத்தம். இந்த அளவுகோல் நேர்மையானதுதானா? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக வழங்கியவர் அமெரிக்க நாட்டின் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் அவர்கள். கல்வியையே செல்வமாகக் கருதி இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துள்ள நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெருமகனாரின் வரலாறு இடம்பெறுவது பொருத்தமுடையது என்று கருதி, அதனை இங்கே சுருக்கமாகத் தருகின்றேன்.

பிறப்பும் வளர்ப்பும்

பால் ராப்சன் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வில்லியம் ட்ரூ ராப்சன் பிறவியிலேயே அடிமை. வட கரோலினா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் பிறந்த அவர், தம் பதினைந்தாம் வயதில், 1860-ஆம் ஆண்டில், உயிரைப் பணயம் வைத்துத் தப்பியோடினார். பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றுத் திருச்சபைப் போதகரானார். அடிமையாய்ப் பிறந்தவர் இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தார் என்பதை நம் இளைஞர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்குடும்பத்திற்கு இன்னல்கள் அடுத்தடுத்து வந்தன. 1901-ஆம் ஆண்டில் தந்தையார் தம் திருச்சபைப் பொறுப்பை இழந்தார். குதிரை வண்டியில் வீடுதோறும் சென்று அடுப்புச் சாம்பலை அள்ளிச் செல்லும் வேலையைச் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1904-ஆம் ஆண்டில் அடுப்பு நெருப்பு ஆடையில் பற்றித் தாயார் மரணமுற்றார். அப்போது பாலுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. தாயில்லாப் பிள்ளையைத் தந்தையார் கண்டிப்புடனும் அன்புடனும் வளர்த்தார். நல்ல மதிப்பெண் வாங்கி வந்தாலும், குறைந்த பாடம் எது, அது ஏன் குறைந்தது என்று கேட்பார். சொற்களைத் திருத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதில் மிகவும் கருத்தாயிருந்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கிலும் ராப்சனின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை தெளிவாகச் சென்று சேர்ந்ததற்கு, வீட்டில் தந்தையார் இட்ட அந்த அடித்தளமே காரணமாகும்.

ஞாயிறுதோறும் தந்தையாரின் திருச்சபையில் அவர் கேட்டு வளர்ந்தவை கறுப்பின மக்களின் பக்திப் பாடல்கள். தென்மாநிலப் பண்ணைகளில் பருத்தி எடுத்தும் சவுக்கடி பட்டும் வாழ்ந்த அடிமைகள் தாமே புனைந்து, தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே காத்து வந்த பாடல்கள் அவை. எழுதியவர் பெயர் தெரியாது. இசையமைத்தவர் பெயர் தெரியாது. விவிலியத்தில் வரும் மோசேயின் கதையைப் பாடினால், அதில் தங்கள் விடுதலையையே பாடினர். அந்தப் பாட்டுகளே சிறுவன் பாலுக்குத் தாலாட்டாயின.

கல்வியில் வெற்றி, தொழிலில் தடை

1915-ஆம் ஆண்டில் போட்டித் தேர்வில் வென்று உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அக்கல்லூரியில் இருந்த ஒரே கறுப்பின மாணவர் அவர்தாம். கால்பந்து எனப்படும் அமெரிக்க ஆட்டத்தில் சேர விரும்பிக் களம் இறங்கிய முதல் நாளே, சொந்தக் குழுவினரே அவரைத் தாக்கி மூக்கை உடைத்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாடு முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். ஆட்டத்தில் மட்டுமன்று; சொற்போட்டிகளில் பரிசுகள் பெற்றார்; படிப்பில் சிறந்தோர்க்கே உரிய கழகத்தில் உறுப்பினரானார்; 1919-ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழாவில் தம் வகுப்பின் சார்பாகச் சொற்பொழிவாற்றினார்.

அடுத்து அவர் சட்டம் பயின்றது நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913 முதல் 1916 வரை பயின்ற அதே பல்கலைக்கழகம் அது. அண்ணல் அங்கிருந்து சென்ற சில ஆண்டுகளுக்குப் பின் ராப்சன் அங்கே நுழைந்தார். 1923-ஆம் ஆண்டில் சட்டப் பட்டம் பெற்றார். உலகின் இரு வேறு மூலைகளில், பிறப்பால் இழிவு சுமத்தப்பட்ட இரு குலங்களின் பிள்ளைகள் ஒரே கல்விக்கூடத்தின் படிகளில் ஏறினர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஆயினும் பட்டம் ஒன்றே கதவுகளைத் திறந்துவிடவில்லை. அவர் சேர்ந்த வழக்கறிஞர் அலுவலகத்தில், வெள்ளையினச் சுருக்கெழுத்தர் ஒருவர் கறுப்பர் சொல்லத் தாம் எழுதுவதில்லை என்று மறுத்துவிட்டார். தன்மானத்தை இழந்து அங்கே இருக்க விரும்பாத ராப்சன் அத்தொழிலையே துறந்து வெளியேறினார். அவருடைய வாழ்க்கைத் துணைவியார் எஸ்லாண்டா அம்மையாரின் ஊக்கத்தினால் நாடக மேடைக்கு வந்தார். மேடையே அவரைப் பாட்டிற்கு அழைத்துச் சென்றது.

வெட்கத்திற்குரியதெனக் கருதப்பட்ட பாட்டு

இங்கே சற்று முன்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1865-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. அடுத்த ஆண்டில், விடுதலை பெற்ற மக்களின் கல்விக்காக டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் பிஸ்க் என்னும் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் பணமின்றி அது மூடப்படும் நிலை வந்தது. அப்போது ஒன்பது மாணவ மாணவியர் பாட்டுப் பாடி நிதி திரட்ட 1871-ஆம் ஆண்டில் புறப்பட்டனர். தொடக்கத்தில் அவர்கள் பாடியவை வெள்ளையர் மேடைகளில் வழங்கிய பாடல்களே. தம் பெற்றோர் பாடிய அடிமைக்காலப் பாடல்களைப் பிறர் முன் பாட அவர்கள் தயங்கினர். அவை அடிமைத்தனத்தின் அடையாளம் என்னும் வெட்கம் ஒருபுறம். தம் வீட்டு வழிபாட்டுக்குரிய புனிதப் பாட்டை ஊரார் முன் வைப்பதா என்னும் கூச்சம் மறுபுறம். ஆனால் எந்தப் பாட்டைப் பாட வெட்கினார்களோ, அந்தப் பாட்டே கேட்டோர் கண்களில் நீரை வரவழைத்தது. விக்டோரியா மகாராணியார் வரை அப்பாடல்கள் சென்றன. அந்த வருவாயில் எழுந்த பெருங்கட்டடம் 1876-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அக்குழுவின் பெயரும் ஜூபிலி. கட்டடத்தின் பெயரும் ஜூபிலி. வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தினராகிய நமக்கு இச்செய்தி இரட்டிப்பு மகிழ்ச்சி தருவதன்றோ?

எனினும் அதற்குப் பின்னரும் அவ்வெட்கம் முழுவதும் நீங்கிவிடவில்லை. வெள்ளையர் தம் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப்போல் ஆடிப்பாடிக் கேலி செய்யும் கூத்துகள் நாடெங்கும் நடந்தன. ஆகவே, படித்து முன்னேறிய கறுப்பினத்தவர் பலர் ஐரோப்பிய இசையை நாடினர். பாட்டன் பாட்டை மறக்க விரும்பினர்.

அந்தச் சூழலில்தான், 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் அரங்கில் ராப்சன் மேடையேறினார். உடன் பியானோ வாசித்தவர் லாரன்ஸ் பிரவுன் என்னும் கறுப்பின இசைவாணர். நிகழ்ச்சி முழுவதும் கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களும் உழைப்புப் பாடல்களுமே. ஒப்புக்குக்கூட ஐரோப்பியப் பாடல் ஒன்று இல்லை. இடமின்றித் திரும்பிச் சென்றோர் பலர். பாட்டு முடிந்தும் மக்கள் கலைந்து செல்லாமல் மீண்டும் மீண்டும் பாடுமாறு வேண்டினர். அடிமைகளின் பாட்டுக்கு முழு மாலைப் பொழுதையும் தாங்கும் வலிமை உண்டு என்பதை அந்த மேடை நிறுவியது.

சுவையும் தெளிவும்

ராப்சனின் குரல் ஆழ்ந்து ஒலிக்கும் கீழ்க்குரல். இத்தகைய குரலை வைத்துக்கொண்டு அவர் ஏன் ஆபெரா எனப்படும் ஐரோப்பிய இசைநாடகத்தில் பெரும் பாடகராகக் கூடாது என்று பலர் கேட்டனர். 1930-களின் தொடக்கத்தில் ஐரோப்பியச் செவ்வியற் பாடல்கள் சிலவற்றை அவர் பாடியும் பார்த்தார். அவற்றின் பெருமையை அவர் மறுக்கவில்லை. ஆனால் தம் உள்ளம் ஒன்றாத பாட்டைத் தம் குரல் பொய்யாக்கிவிடும் என்று உணர்ந்தார். உழைக்கும் மக்களின் பாட்டில் மட்டுமே தம் குரலும் உள்ளமும் ஒன்றுபடுகின்றன என்று தெளிந்தார். அதன்பின் நாட்டுப்பாடல்களையே தம் வழியாகக் கொண்டார். ஆகவே அவருடைய சுவை அறியாமையால் வந்ததன்று, ஆராய்ந்து தேர்ந்தெடுத்தது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம்முடையது என்பதற்காகவே எல்லாம் நன்று என்று அவர் கொண்டாரில்லை. லண்டனில் கீழ்த்திசை மொழிக் கல்லூரியில் சேர்ந்து ஆப்பிரிக்க மொழிகளை முறையாகப் பயின்றார். ஒரு நாட்டின் பாட்டைப் பாடுமுன் அம்மொழியின் ஒலிப்பைக் கற்றார். நாட்டுப்பாட்டுக்குப் பயிற்சி வேண்டாம் என்று எண்ணுவோர் இதனை அறிதல் வேண்டும். எளிய பாட்டை எளிமை கெடாமல் பாடுவதற்கும் கடும் உழைப்பு தேவை.

பாட்டில் இழிவு கலந்திருந்தால் அதனை விலக்கவும் அவர் தயங்கவில்லை. மிசிசிப்பி ஆற்றை முன்னிறுத்தி ஜெரோம் கெர்ன் இசையமைத்து ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் எழுதிய பாடலே அவருக்கு உலகப் புகழ் தந்தது. 1928-ஆம் ஆண்டில் லண்டன் நாடக மேடையில் அதனைப் பாடினார். ஆனால் அப்பாட்டின் மூல வடிவத்தில் கறுப்பரை இழித்துரைக்கும் சொல் இருந்தது. வாழ்வில் சலித்துச் சோர்ந்த மனிதனின் குரலும் இருந்தது. காலப்போக்கில் ராப்சன் அந்த இழிசொல்லை நீக்கினார். சோர்வுக் குரலைப் போராடும் குரலாக மாற்றினார். மெட்டு அதே மெட்டு. பாடுபவன் தலை மட்டும் நிமிர்ந்துவிட்டது. திரைப்படத்திலும் அவர் இதே பாடத்தைக் கற்றார். 1935-ஆம் ஆண்டில் தாம் நடித்து வெளிவந்த ஒரு படம் ஆப்பிரிக்க மக்களைத் தாழ்த்தி வெள்ளையர் ஆட்சியைப் புகழ்வதாய் அமைந்தது கண்டு வருந்தி, பின்னர் அப்படத்தையே வெளிப்படையாக ஒதுக்கினார்.

பிற மக்களின் பாட்டு

நாட்டுப்பாடல் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே உரியது என்று முதலில் எண்ணியவர், பின்னர் அது மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான செல்வம் என்று உணர்ந்தார். 1920-களின் இறுதியில் லண்டன் தெருவில், வேலையிழந்த வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் பாடிக்கொண்டே நடந்து செல்வதைக் கேட்டு அவர்களுடன் சேர்ந்து நடந்தார். நிலக்கரிச் சுரங்கத்தாரின் பாட்டுக்கும் பருத்திப் பண்ணையாரின் பாட்டுக்கும் அன்று தொடங்கிய உறவு இறுதிவரை நீடித்தது. ரஷ்ய மொழியிலும், யூதரின் இத்திஷ் மொழியிலும், சீன மொழியிலும் அவர் பாடினார்.

உலக நாட்டுப்பாடல்கள் பலவும் ஐந்து சுரங்களால் அமைந்திருத்தலைக் கண்டு அவர் பெருவியப்புக் கொண்டார். பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டும் அழுத்தினால் ஐந்து சுர வரிசை கிடைக்கும். தம் முன்னோரின் பாடல்கள் பலவும், ஸ்காட்லாந்தின், சீனத்தின் பாடல்கள் பலவும் அதில் அடங்கும். நம் மோகனமும் ஐந்து சுரங்களால் ஆனதே. அவர் கோட்பாட்டின் எல்லாப் பகுதிகளையும் இசை ஆய்வாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர் எனல் இயலாது. ஆயினும் தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட பாட்டினுள்ளும் ஓர் இலக்கணம் உண்டு, ஒழுங்கு உண்டு என்று அவர் காட்டியது பெரும்பணியாகும்.

நம் நாட்டுடனும் அவருக்கு உறவுண்டு. லண்டனில் வாழ்ந்த நாள்களில் ஜவஹர்லால் நேரு, கிருஷ்ண மேனன் ஆகியோருடன் நட்புக் கொண்டு இந்திய விடுதலையை ஆதரித்தார். கொலம்பியாவில் ஆய்வு மாணவராயிருந்த அசாம் மாநிலப் பாடகர் பூபேன் ஹசாரிகா அவரைச் சந்தித்து, அந்த மிசிசிப்பி ஆற்றுப் பாட்டின் தாக்கத்தினால் பிரம்மபுத்திரக் கரை மக்களுக்காகத் தம் மொழியில் ஒரு பாட்டைப் படைத்தார்.

பாட்டுக்கு வந்த சோதனை

பாட்டு மக்களுடையது என்று நம்பியவர், அம்மக்களின் துன்பத்தை மேடையில் மட்டும் பாடிவிட்டு ஒதுங்கியிருக்க இயலவில்லை. 1942-ஆம் ஆண்டில் கன்சாஸ் சிட்டி நகர நிகழ்ச்சியில் கறுப்பரைத் தனியே அமர வைத்திருந்ததைக் கண்டு, பாட்டை நிறுத்தி மேடையிலேயே கண்டனம் தெரிவித்தார். 1946-ஆம் ஆண்டில், கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று அதிபர் ட்ரூமனை நேரில் சந்தித்து வலியுறுத்தினார். சோவியத் நாட்டின்பால் அவர் காட்டிய பரிவு அரசின் சினத்தை மேலும் தூண்டியது. 1949-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலப் பீக்ஸ்கில் பகுதியில் அவர் பாட வந்தபோது, வெறி கொண்ட கூட்டத்தினர் பாட்டுக் கேட்க வந்தவர்களைக் கல்லாலும் தடியாலும் தாக்கினர்.

1950-ஆம் ஆண்டில் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. அயல்நாட்டு மேடைகள் அடைபட்டன. உள்நாட்டு அரங்கங்களும் கதவடைத்தன. கடைகளில் அவர் இசைத்தட்டுகள் மறைந்தன. வருவாய் வற்றியது. ஆயினும் பாட்டு நிற்கவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், கனடா எல்லையில், அமெரிக்க மண்ணில் நின்ற பாரவண்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, இரு நாட்டிலிருந்தும் திரண்டு வந்த பல்லாயிரவர்க்குப் பாடினார். 1957-ஆம் ஆண்டு அக்டோபரில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் விழாவிற்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கிலிருந்து பாடினார். அவர்களும் தங்கள் பாட்டைத் திரும்பப் பாடி அனுப்பினர். 1958-ஆம் ஆண்டில் அவருடைய அறுபதாம் பிறந்தநாள் இந்தியாவில் பிரதமர் நேருவின் ஆதரவுடன் கொண்டாடப்பெற்றது. அவ்வாண்டிலேயே உச்சநீதிமன்றத் தீர்ப்பின் பயனாகக் கடவுச்சீட்டு மீண்டும் கிடைத்தது. 1960-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், அந்நாளில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இசைநாடக அரங்கின் சாரங்களுக்கிடையே நின்று கட்டடத் தொழிலாளர்க்குப் பாடினார். சீமான்கள் அமர்ந்து கேட்கப்போகும் அரங்கில், அதனைக் கட்டிய கைகளுக்கு முதலில் பாட்டு கிடைத்தது.

அவரிடம் குறை இல்லாமலில்லை. ஸ்டாலின் ஆட்சியில் நிகழ்ந்த கொடுமைகளை அவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுவது உண்மையே. பெரியோரை வணங்கும்போதும் உண்மையை மறைத்தல் ஆகாது. நோயுற்று ஒதுங்கி வாழ்ந்த ராப்சன் 1976-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் காலமானார். அவரை மறந்திருந்த நாடு பின்னர் மெல்ல விழித்தது. கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்கான புகழ்க்கூடத்தில் 1995-ஆம் ஆண்டில்தான் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியாயிற்று.

நாம் பெறும் பாடம்

பள்ளி ஆண்டுவிழாக்களில் பல்லாண்டுகளாக நான் கண்டுவரும் காட்சி ஒன்று உண்டு. பாட வா என்றழைத்தால் நம் பிள்ளைகள் திரைப்பாடல்களை நன்றாகவே பாடுகின்றனர். உன் பாட்டி பாடும் நடவுப்பாட்டைப் பாடு என்றால் தலைகுனிகின்றனர். தந்தை பறையிசைப்பதில் வல்லவர் என்பதைத் தோழர்களிடம் மறைக்கின்றனர். இவ்வெட்கத்தின் காரணம் நமக்குத் தெரியாததன்று. அந்தக் கருவியைக் கையில் கொடுத்தவர்கள், அதனுடன் இழிவையும் சேர்த்தே கொடுத்தனர். சாவு வீட்டில் கட்டாயமாக அடிக்க வேண்டும் என்னும் ஊர் வழக்கத்தை எதிர்த்து நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தனரென்றால், அது தன்மானச் செயலே. அதனைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் கட்டாயம் வேறு, கலை வேறு. ராப்சன் தம் பாட்டிலிருந்து இழிசொல்லை நீக்கினாரேயன்றி, மெட்டை எறிந்துவிடவில்லை. அடிமைத்தளையை வெறுத்தாரேயன்றி, அடிமையாயிருந்த பாட்டனின் குரலை வெறுக்கவில்லை. அவ்வாறே நாமும் பிறர் ஏவலுக்கு அடிக்க மறுக்கலாம். நம் விருப்பத்தின்பேரில், நம் விழாவில், தலைநிமிர்ந்து இசைக்கலாம். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு ஆகியவற்றைப் பாடும் முதியோர் நம் தெருக்களில் இன்றும் சிலர் உளர். அவர்களிடம் அமர்ந்து கேட்டு, எழுதி வைத்துக் காக்க வேண்டிய கடமை படித்த இளைஞர்களுடையது. அப்பணியை நம் சங்கம் மேற்கொள்ளின் பெரும்பயன் விளையும்.

இளைஞர்களே! கருநாடக இசையைக் கேளுங்கள், திரையிசையைக் கேளுங்கள், மேலைநாட்டு இசையையும் கேளுங்கள். எதுவும் நமக்கு அயல் அன்று. ஆனால் ஒரு பாட்டை மதிப்பிடும்போது, அதனைப் பாடுவோர் எத்தெருவினர் என்று பாராதீர்கள். அதில் உண்மை இருக்கின்றதா, சொல்லும் இசையும் உணர்ச்சியும் ஒன்றுபட்டு நிற்கின்றனவா, பாடுபவர் அதற்காக உழைத்திருக்கின்றாரா, மொழியறியாத மனிதனின் நெஞ்சையும் அது தொடுகின்றதா என்று பாருங்கள். இந்த அளவுகோலில் தேறும் பாட்டே உயர்ந்த பாட்டு. நம் வீட்டுத் திண்ணையில் ஒலிக்கும் பாட்டு அதில் தேறுமாயின், அதனை உலகறியப் பாடுவதில் வெட்கம் ஏன்?

வாழ்க ராப்சன் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!